பூண்டும் வெங்காயமும் சேராதவர்கள் கொரியச் சாப்பாட்டை எப்படிச் சாப்பிடுவது?

கொரியர்களின் ஆதித் தாய் ஒரு கரடி. மனிதப் பிறவி வேண்டும் என்று ஒரு கரடியும் ஒரு புலியும் தேவகுமாரன் ஒருவனிடம் போய் நின்றனவாம். அவன் ஒரு கட்டு மாசிபத்திரித் தழையையும் 20 பூண்டையும் கொடுத்து, இதை மட்டும் தின்றுகொண்டு 100 நாள் வெயில் படாமல் குகைக்குள் இருங்கள் என்றான். புலி தாங்காமல் ஓடிவிட்டது. கரடி 21ஆம் நாள் பெண்ணாக மாறியது. அவள் பெற்ற மகன் தான்குன்தான் முதல் கொரிய அரசை நிறுவியவன். எனக்கு இந்தக் கதையில் புலி மேல்தான் பாசம். அதற்கும் பூண்டு சேராமல் போயிருக்கும்.

வேலை நிமித்தம் சுவோன் நகரில் ஒன்றரை ஆண்டு இருந்தேன். போன முதல் வாரத்தில், வெறும் காய்கறியும் சோறும்தானே என்று நம்பி ஒரு கிண்ணம் பிபிம்பாப் சாப்பிட்டுவிட்டு, இரவு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அதில் ஒரு துண்டுப் பூண்டுகூடக் கண்ணில் படவில்லை. கீரை, முளைப்பயறு, முள்ளங்கி, பிரண்டைபோல நீண்டிருந்த ஏதோ ஒரு தண்டு என எல்லாவற்றையும் தனித்தனியே அரைத்த பூண்டு போட்டுத்தான் பிசைந்திருந்தார்கள் என்பது அப்புறம் தெரிந்தது.

அந்த ஒன்றரை ஆண்டில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பூண்டில்லாத கொரியச் சமையல் ஒன்று கொரியாவுக்குள்ளேயே இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்று மடப்பள்ளியில், மற்றது திவசத் தட்டில். அவற்றைப் பெயர் சொல்லிக் கேட்கத் தெரிந்தால், "இதை எடு, அதைப் போடாதே" என்று ஒவ்வொரு கடையிலும் மன்றாட வேண்டியதில்லை. ஆனால் அங்கே போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

படி 1: உங்களுக்குச் சேராதது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"பூண்டு சேராது" என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னாலும் உள்ளே நடப்பது வேறு வேறு. பலருக்கும் சிக்கல் ஃபிரக்டானில் இருக்கிறது. இது ஃபிரக்டோஸ் சர்க்கரை சங்கிலியாகக் கோத்த ஒரு பொருள். இந்தச் சங்கிலியை அறுக்கும் நொதி மனிதர் யாருக்கும் கிடையாது. அதனால் அது அப்படியே பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிர்களுக்கு இரையாகி வாயுவைக் கிளப்பும். பெரும்பாலோர் இதைக் கவனிப்பதே இல்லை. குடல் எளிதில் நொந்துபோகிறவர்களுக்குத்தான் வயிறு ஊதும், பிடித்து இழுக்கும், பேதியாகும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த ஃபாட்மேப் உணவுமுறை இப்படிப்பட்டவர்களுக்கானது. இதில் அளவுதான் கணக்கு. ஒரு சிட்டிகை தாங்கும், ஒரு கரண்டி தாங்காது.

ஒவ்வாமை வேறு சங்கதி. பூண்டு பட்டதும் உதடு வீங்குவது, தடிப்பது, மூச்சு இழுப்பது எல்லாம் உடலின் எதிர்ப்பு மண்டலம் செய்கிற வேலை. அங்கே சிட்டிகையும் ஆபத்து. உங்களுடையது இதுவானால், பின்னால் நான் "கொஞ்சம் பரவாயில்லை" என்று சொல்லும் எதுவும் உங்களுக்கு இல்லை. எது என்று தெரியாவிட்டால் பயணச்சீட்டு போடுமுன் மருத்துவரைப் பாருங்கள்.

இந்த வேறுபாட்டை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் பொரித்துத் துண்டுகளை எடுத்துவிட்டால், மிஞ்சும் எண்ணெயில் மணம் இருக்கும், ஃபிரக்டான் இருக்காது. அதே பூண்டைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டுத் துண்டுகளைப் பொறுக்கி எறிந்தால் பயனே இல்லை, எல்லாம் சாற்றில் இறங்கியிருக்கும். ஒவ்வாமைக்காரர்களுக்கு எண்ணெயும் கூடாது, குழம்பும் கூடாது. வெங்காயத்தாளிலும் இப்படித்தான். அதன் பச்சைப் பகுதியில் ஃபிரக்டான் குறைவு, வெள்ளைத் தண்டில் அதிகம்.

கோதுமையிலும் ஃபிரக்டான் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பூண்டைத் தவிர்த்துவிட்டு ஒரு பெரிய கிண்ணம் கோதுமை நூடுல்ஸ் சாப்பிட்டால் வயிற்றுக்கு வித்தியாசம் தெரியாது. நல்லவேளை, கொரியாவும் நம்மைப் போலச் சோற்று நாடு.

படி 2: தட்டில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்

பூண்டும் வெங்காயமும் கொரியத் தட்டுக்கு மூன்று வழியாக வருகின்றன. மேலே தூவி வரும். பிசைந்த மசாலாவில் வரும். கொதித்த சாற்றில் கரைந்து வரும். முதல் வகையைக் கடைக்காரரால் தவிர்க்க முடியும். சூப்பின் மேல் தூவும் வெங்காயத்தாள் அப்படிப்பட்டது. இரண்டாவது வகையில் அவர் கை கட்டப்பட்டிருக்கிறது. யாங்ன்யோம் என்கிற மசாலாவைக் காலையிலேயே வாளி நிறையக் கலந்து வைத்திருப்பார்கள், இறைச்சியை முந்தின நாளே ஊற வைத்திருப்பார்கள். மூன்றாவது அதைவிட மோசம். யுக்சு என்னும் அடிச்சாறு விடியற்காலையிலிருந்தே அடுப்பில் இருக்கும். அதில் முழு வெங்காயமும் தடித்த தாளும் கிடக்கும்.

ஆகவே எந்தப் பண்டத்தைப் பார்த்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை நான் சொன்ன பிறகு சமைப்பார்களா, முன்னமே சமைத்ததை எடுத்து வைப்பார்களா? முன்னதுதான் உங்களுக்கு. கேட்காமலே மேசைக்கு வந்துவிடும் சின்னக் கிண்ணப் பக்க உணவுகள், பன்ச்சான் என்பார்கள், எல்லாம் பின்னதைச் சேர்ந்தவை. கிம்ச்சி என்னும் புளித்த காய்கறி ஊறுகாய் உட்பட. புன்னகையோடு திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிடுங்கள். கண் முன்னால் இருந்தால் கை போய்விடும், எனக்குப் போயிருக்கிறது.

படி 3: பத்துச் சொற்கள் போதும்

கொரிய உச்சரிப்பில் ஆங்கிலக்காரர்கள் திணறும் ஓர் உகரம் உண்டு. நமக்கு அது பிறவியிலேயே வரும். "காடு", "பாக்கு" என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருகிற குற்றியலுகரம்தான் அது. அந்த ஒலியோடு "மனுல்" என்று சொல்லுங்கள், பூண்டு. "யாங்பா" பெரிய வெங்காயம். "யாங்" என்றால் மேல்நாட்டிலிருந்து வந்தது என்று பொருள், அங்கே அது புது வரவு. "பா" என்றால் வெங்காயத்தாள். அதில் தடித்தது "தேபா", மெலிந்தது "ஜோக்பா". "புச்சு" என்பது பூண்டு மணமுள்ள தட்டைத் தழை. "தல்லே" வசந்த காலத்தில் மட்டும் வரும் காட்டு வெங்காயம்.

"மனுல், யாங்பா மோன் மொகோயோ" என்றால் பூண்டு, வெங்காயம் சாப்பிட முடியாது. "மனுல் துரொகாயோ?" என்றால் இதில் பூண்டு சேருமா? "ப்பே ஜுசெயோ" என்றால் எடுத்துவிடுங்கள். ஒவ்வாமை என்றால் "அல்லெருகி இஸ்ஸோயோ" என்று முடியுங்கள், சமையலறையில் உடனே கவனிப்பார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. "மனுல்" என்று மட்டும் சொன்னால் சிலர் துண்டுப் பூண்டை மட்டும் நினைத்துக்கொண்டு, இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். "தாஜின் மனுல்", அதாவது இடித்த பூண்டு, அது சேருமா என்று தனியே கேளுங்கள். அது டப்பா நிறைய ஒவ்வொரு வீட்டுக் குளிர்பெட்டியிலும் இருக்கும். அவர்களுக்கு அது உப்பு மாதிரி, ஒரு பொருளாகவே கணக்கில் வராது.

இந்த வாக்கியங்களைத் தங்குமிடத்தில் யாரிடமாவது கொரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர வயதுப் பெண்கள் நடத்தும் சின்னக் கடைகளில் "இமோ" என்று கூப்பிடலாம். தாயோடு பிறந்தவள், நம் சித்தி பெரியம்மா மாதிரி. கொஞ்சம் மரியாதையாக இருக்க வேண்டுமானால் "சாஜாங்னிம்", முதலாளி. பேச்சு நடக்கவே இல்லை என்றால் 1330 என்ற சுற்றுலா உதவி எண்ணுக்கு அழைத்து, போனைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் கேட்டுக் கொரிய மொழியில் சொல்வார்கள். மூச்சுத் திணறல் போன்ற அவசரத்துக்கு 119.

படி 4: சாதாரணக் கடையில் எதைக் கேட்பது

எனக்கு வாரம் இரண்டு நாள் கைகொடுத்தது மீன். சேங்சோன்குயி என்றால் உப்பு மட்டும் தடவித் தணலில் சுட்ட மீன். கொதுங்கோ நம் கானாங்கெளுத்தி இனம், கல்ச்சி நம் வாளை, சம்ச்சி வஞ்சிரத்தின் ஒன்றுவிட்ட தம்பி. மீனும் வெறும் சோறும் உப்பு எண்ணெய் தடவிய கடற்பாசித் தாளும் இருந்தால் ஒரு வேளை முடிந்தது. பெயரின் கடைசியைக் கவனியுங்கள். "குயி" என்றால் சுட்டது, நல்லது. "ஜோரிம்", "ஜிம்" என்று முடிந்தால் மசாலாவில் வேக வைத்தது, பூண்டு மிதக்கும்.

இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு மேசையிலேயே சுட்டுத் தின்னும் கடைகள் வரம். "சேங்" என்று தொடங்குவது ஊற வைக்காதது, "யாங்ன்யோம்" என்று தொடங்குவது ஊற வைத்தது. சேங்கல்பியும் (ஊற வைக்காத விலா இறைச்சி) சம்க்யோப்சலும் (பன்றியின் வயிற்று இறைச்சி, இதையும் ஊற வைப்பதில்லை) கேளுங்கள், மசாலாவில் ஊற வைத்த புல்கோகியை மறந்துவிடுங்கள். தொட்டுக்கொள்ள சம்ஜாங் என்னும் காரச் சோயா விழுது வரும். அதில் பூண்டும் வெங்காயமும் உறுதியாக உண்டு. அதற்குப் பதில் "கிரும்ஜாங்" கேளுங்கள், நல்லெண்ணெயில் உப்பைக் குழைத்தது. நம் நாக்குக்கு அதுதான் ருசியும்கூட. அப்புறம், கூட்டத்தோடு போனால் நண்பர்கள் பூண்டுப் பற்களை அதே தட்டில் போட்டுச் சுடுவார்கள். தட்டு ஒரு பக்கம் சாய்வாக இருக்கும், கொழுப்பு வழிந்து ஒரு மூலைக்குப் போகும். உங்கள் இறைச்சி மேட்டில், அவர்கள் பூண்டு பள்ளத்தில். ஒவ்வாமை என்றால் தனித்தட்டு கேட்டே ஆக வேண்டும்.

காலை உணவுக்குக் கஞ்சிக்கடை. ஜுக் என்பார்கள். பைன் கொட்டை அரைத்த ஜாட்ஜுக், பூசணி போட்ட ஹோபக்ஜுக் இரண்டிலும் பூண்டுக்கு வேலை இல்லை. மாட்டிறைச்சிக் கஞ்சியும் காய்கறிக் கஞ்சியும் அப்படியல்ல. கோடையில் கோங்குக்சு என்று ஒன்று வரும். அரைத்த சோயாப் பாலைக் குளிர வைத்து நூடுல்ஸ் மேல் ஊற்றுவார்கள், உப்பு மட்டும்தான். ஜோல்லா பக்கத்தில் சர்க்கரை போட்டுக்கொள்வார்கள், அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. பூண்டு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது நிம்மதியான உணவு. ஃபிரக்டான் சிக்கல் உள்ளவர்கள் தள்ளி வைக்க வேண்டும், சோயாவும் கோதுமையும் சேர்ந்து ஒரு வழி பண்ணிவிடும்.

கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப்பைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சோறு, முட்டை, கேரட், மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய் வரை சரி. கீரையில் பூண்டு சேர்த்திருக்கலாம், ஹாமிலும் மீன்மாவு வில்லையிலும் வெங்காயப்பொடி இருக்கலாம். உங்கள் முன்னால் சுருட்டித் தரும் கடையானால் அவற்றை விட்டுவிடச் சொல்லலாம்.

அரிசிப் பலகாரத்தைக் காரச் சாற்றில் போட்ட தோக்போக்கி, ஜிகே என்று முடியும் காரக் குழம்புகள், வயிற்றுக்குள் பூண்டும் ஜின்செங்கும் அடைத்து வரும் சம்கேதாங் கோழி, பொரித்த கோழி, உடனடி நூடுல்ஸ் இவற்றிலெல்லாம் பேச்சு வார்த்தைக்கே இடமில்லை. வெள்ளையாக இருக்கும் எலும்புச் சூப் சொல்லோங்தாங்கை மட்டும் கேட்டுப் பார்க்கலாம். சில பழைய கடைகளில் எலும்பையும் இறைச்சியையும் தவிர எதுவும் போடுவதில்லை. தாளைத் தனியாக வைப்பார்கள், உப்பும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

பசி என்றால் தெருவில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அரிசி மாவு தோக் பலகாரமும் எப்போதும் இருக்கின்றன.

படி 5: மடத்துச் சமையலைத் தேடுங்கள்

கரடிக் கதையை 13ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தவர் இர்யோன் என்ற பௌத்தத் துறவி. வேடிக்கை என்னவென்றால், அவர் ஏற்ற விரதப்படி அவர் தட்டில் பூண்டு இருந்திருக்கக் கூடாது. கொரிய பௌத்தத்தில் ஐந்து காரப் பொருள்கள் விலக்கு. அவற்றுக்கு ஓசின்சே என்று பெயர். பச்சையாகத் தின்றால் கோபம் கிளம்பும், சமைத்துத் தின்றால் காமம் கிளம்பும் என்பது சாத்திரம். பூண்டு, வெங்காயத்தாள், புச்சு, தல்லே, ஐந்தாவதாக ஹுங்கோ. இந்த ஹுங்கோ கொரியாவில் விளைவதில்லை, பல துறவிகள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அது வேறு எதுவுமில்லை, நம் பெருங்காயம். பூண்டில்லாத சமையலுக்கு நாம் எதைப் பதிலியாகப் போடுகிறோமோ, அதையே அவர்கள் பூண்டோடு சேர்த்துத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

"ஓசின்சே" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு சொல்தான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். சைவ உணவகம் என்று பலகை பார்த்து நுழைந்தால் பூண்டு இருக்காது என்று நம்பாதீர்கள். "சேசிக்" என்றால் இறைச்சி இல்லை என்று மட்டுமே பொருள், பூண்டைத் தாராளமாகப் போடுவார்கள். "சாச்சல் உம்சிக்" என்று எழுதியிருந்தால் அது மடத்துச் சமையல். அங்கே "ஓசின்சே துரொகாயோ?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக உட்காரலாம்.

தலைநகர் சியோலில் ஜோக்யே மடத்தின் எதிரே பால்வு கோங்யாங் என்ற உணவகம் இருக்கிறது. ஜோக்யே பௌத்தப் பிரிவே நடத்துவது. விலை அதிகம், முன்பதிவு வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது மடத்திலேயே ஓர் இரவு தங்குவது. 2002 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு வந்தவர்களுக்காகத் தொடங்கிய ஏற்பாடு, இப்போது நாடு முழுக்கப் பல மடங்களில் நடக்கிறது. மூன்று வேளைச் சாப்பாட்டில் ஒரு கேள்வியும் கேட்காமல் கரண்டியை எடுத்தது அங்கேதான். ஒன்று மட்டும், தட்டில் வாங்கியதை மிச்சம் வைக்கக் கூடாது. முறைப்படியான உணவு என்றால் கடைசியில் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, ஒரு துண்டு முள்ளங்கியால் துடைத்து, அந்தத் தண்ணீரையும் குடிக்க வேண்டும். புத்தர் பிறந்தநாள் அன்று பல மடங்களில் வருகிறவர்களுக்கெல்லாம் பிபிம்பாப் கொடுப்பார்கள். என் வயிற்றைக் கெடுத்த அதே பிபிம்பாப், இங்கே பூண்டில்லாமல். அதற்கு வரிசையில் நின்றது ஒரு கணக்குத் தீர்த்தது போல இருந்தது.

பூண்டில்லாமல் எப்படி ருசி வருகிறது? பழகிய சோயா சாறு, இஞ்சி, வறுத்து அரைத்த பெரில்லா விதை, நாக்கை மரக்கச் செய்யும் ச்சோப்பி மிளகு, கடல்பாசி, உலர்ந்த காளான். பேகியாங் மடத்துப் பெண் துறவி ஜோங் குவான் இந்தச் சமையலுக்காக உலகம் முழுக்கப் பெயர் பெற்றவர். அவர் சமையலில் காலம்தான் முக்கிய மசாலா, ஆண்டுக்கணக்கில் பழகிய சோயா சாறு.

ஃபிரக்டான்காரர்களுக்கு இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. ஷிடாக்கே காளானில் மானிட்டால் என்ற வேறொரு சர்க்கரை நிறைய இருக்கிறது, காய்ந்த கடல்பாசியின் மேல் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியிலும் அதுதான். மானிட்டாலும் சேராதவரானால் காளான் கிண்ணத்தை அளவோடு தொடுங்கள்.

படி 6: திவசச் சாப்பாடு

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டு ஆனது. அலுவலக நண்பர் ஒருவர் வீட்டில் பாட்டனாருக்குத் திவசம். ஜேசா என்பார்கள். மறுநாள் மிச்சத்தை ஒரு டப்பாவில் கொண்டுவந்து, "உனக்கு இது சேரும், இதில் பூண்டு போட மாட்டோம்" என்றார். பூண்டின் நெடியும் மிளகாயின் சிவப்பும் முன்னோரின் ஆவியை விரட்டிவிடும் என்பது நம்பிக்கை. நம் ஊரில் தெவசத்தன்று பல வீடுகளில் வெங்காயமும் பூண்டும் அடுப்படிக்கே வராதே, அதேதான். இத்தனை தூரம் வந்து அந்த டப்பாவைத் திறந்தபோது அம்மாவின் சமையல்கட்டு நினைவுக்கு வந்தது.

இந்தச் சாப்பாட்டைச் செத்தவர் யாரும் இல்லாமலே உண்ண ஒரு வழி இருக்கிறது. ஆன்தோங் ஊரின் தனிப் பண்டம் ஹொட்ஜேசாபாப், "பொய்த்திவசச் சோறு" என்று பொருள். இரவு கண்விழித்துப் படித்த பண்டிதர்கள் பசி தாங்காமல், திவசம் என்று பொய் சொல்லிச் சமைக்க வைத்து உண்டார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். வோல்யோங் மரப்பாலம் இருக்கும் பக்கத்தில் இதற்கென்றே கடைகள் உண்டு. கீரை, முளைப்பயறு, பெரணித் தண்டு எல்லாம் சோற்றின் மேல் வரும், மிளகாய் விழுதுக்குப் பதில் சோயா சாறு ஊற்றிப் பிசைய வேண்டும். கூடவே மாவில் தோய்த்துச் சுட்ட மீன், இறைச்சி, ஒரு தெளிந்த சூப்.

கடை என்பதால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கூட வைக்கும் கிம்ச்சி மற்ற இடங்களில் வருகிற அதே கிம்ச்சிதான். சில கடைகளில் வெங்காயத்தாள் சேர்ப்பதும் உண்டு.

படி 7: கடைப் பொட்டலம்

கொரியப் பொட்டலங்களில் ஒவ்வாமைப் பொருள்களைத் தனிக் கட்டத்தில் அச்சிடுவார்கள். முட்டை, பால், கோதுமை, சோயா, நண்டு, பீச், தக்காளி வரை அதில் உண்டு. பூண்டும் வெங்காயமும் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே அந்தக் கட்டத்தைப் பார்த்து ஏமாறாமல் முழுப் பொருள்பட்டியலையும் போன் கேமராவால் மொழிபெயர்த்துப் படியுங்கள். பூண்டுப்பொடி, வெங்காயச் சாறு, "கலவை மசாலா" என்று வந்தால் கீழே வையுங்கள். தாசிதா என்னும் சூப் பொடியில் இரண்டும் உண்டு, அது கடைச் சமையலில் எங்கும் நிறைந்தது.

பெரிய அதிர்ச்சி கோச்சுஜாங் என்னும் மிளகாய் விழுதில்தான். மிளகாய்த்தூள், ஒட்டும் அரிசி, புளிக்க வைத்த சோயா மாவு, உப்பு, பழைய முறையில் முக்கியமாக இவைதான். ஆனால் ஆலையில் செய்யும் பலவற்றில் "மிளகாய் மசாலா" என்ற பெயரில் பூண்டும் வெங்காயமும் சேர்ந்திருக்கும். மடங்கள் விற்கும் புட்டியோ கிராமத்துக் கைச்செய் புட்டியோ கிடைத்தால் வாங்கி வாருங்கள். த்வென்ஜாங் என்னும் சோயா விழுதிலும் சோயா சாற்றிலும் பூண்டு பொதுவாக இருக்காது. சூப்புக்கென்று விற்கும் குக்கான்ஜாங்கில் பெரும்பாலும் சோயாவும் உப்பும் மட்டுமே, ஆனாலும் பட்டியலைப் பாருங்கள்.

படி 8: சொந்த அடுப்பில்

ஹூண்டாய் ஆலை 1998இல் சென்னை அருகே ஓடத் தொடங்கியதிலிருந்து கொரியர்கள் அங்கே குடும்பத்தோடு தங்கினார்கள், அவர்களுக்கான மளிகைக்கடைகளும் வந்தன. அதனால் கீழே சொல்லும் எதுவும் கிடைக்காத பொருள் இல்லை.

முதலில் அடிச்சாறு. கொரியர்களின் மியோல்ச்சி என்பது நம் நெத்திலிக் கருவாடு போன்றதுதான். 12 நெத்திலியைத் தலையும் குடலும் கிள்ளி, வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, நாலு கப் அரிசி களைந்த தண்ணீரில் போட்டு 10 நிமிடம் கொதிக்க விட்டு வடியுங்கள். ஆமாம், கழனித்தண்ணிதான். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாம் தண்ணீரை எடுங்கள். அவர்களும் அதைத்தான் குழம்புக்கு ஊற்றுகிறார்கள். அதில் இரண்டரை மேசைக்கரண்டி த்வென்ஜாங்கைக் கரைத்து, சுக்கினியோ முள்ளங்கியோ நறுக்கிப் போட்டு, வெந்ததும் டோஃபு, கீறின பச்சைமிளகாய். த்வென்ஜாங் ஜிகே தயார். ஃபிரக்டான்காரர்கள் இறக்கும்போது ஒரு கரண்டி பூண்டெண்ணெய் விட்டுக்கொள்ளலாம். வீட்டில் செய்த பூண்டெண்ணெயை மட்டும் வெளியே வைக்காதீர்கள். காற்றுப்படாத எண்ணெயில் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சு உண்டாகலாம். குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

அவசரத்துக்கு ஒரு கோச்சுஜாங்: மூன்று கரண்டி கோச்சுகாரு (கொரிய மிளகாய்த்தூள்), ஒரு கரண்டி த்வென்ஜாங், மூன்று கரண்டி அரிசிப் பாகு, ஒரு கரண்டி சோயா சாறு, குழைய வெந்நீர். ஒரு நாள் ஊறினால் போதும். கோச்சுகாரு கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த்தூள். நம் குண்டுமிளகாயை முயன்று பார்த்தேன், வேண்டாம்.

இனி கிம்ச்சி. 2 கிலோ சீன முட்டைக்கோஸை நீளவாட்டில் நாலாகப் பிளந்து, 200 கிராம் கல்லுப்பை இலைக்கு இலை, முக்கியமாகத் தடித்த அடிப்பக்கம், தேய்த்து ஆறு மணி நேரம் வையுங்கள். இரண்டு முறை திருப்பிப் போடுங்கள். இலையை மடக்கினால் ஒடியாமல் வளைய வேண்டும், அதுதான் பதம். மூன்று முறை அலசி ஒரு மணி நேரம் வடிய விடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவை ஒன்றரைக் கப் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி ஆறவிட்டு, அதில் ஒரு கப் கோச்சுகாரு, ஒரு மேசைக்கரண்டி துருவிய இஞ்சி, நாலு மேசைக்கரண்டி குக்கான்ஜாங் கலக்குங்கள். மெல்லிசாக நறுக்கிய முள்ளங்கி 300 கிராம், ஒரு கைப்பிடி கடுகுக்கீரை சேர்த்துப் பிசறி, இலைகளுக்கு இடையே தடவி, டப்பாவில் காற்று இல்லாமல் அழுத்தி வையுங்கள்.

கடுகுக்கீரையை விட்டுவிடாதீர்கள். பூண்டு போன இடத்தில் மூக்கில் ஏறும் அந்தக் காரத்தைக் கொடுப்பது அதுதான். மடங்களில் இதைத்தான் செய்கிறார்கள். பெருங்காயம் போடலாமா என்று கேட்பீர்கள். நான் ஒரு சிட்டிகை போட்டிருக்கிறேன், நன்றாகவே இருந்தது. துறவிகள் மன்னிப்பார்களாக. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

சென்னை வெயிலில் வெளியே ஒரு பகல் போதும், டப்பா திறக்கும்போது குமிழ் கிளம்பினால் குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த வாரத்திலிருந்து சாப்பிடலாம். புளிக்கப் புளிக்கக் கிம்ச்சியிலும் மானிட்டால் உருவாகும், ஆகவே முதலில் இரண்டு துண்டு தின்று பாருங்கள், மறுநாள் வயிறு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கிண்ணத்தை எடுங்கள். மூன்று வாரம் தாண்டி வெறுமனே தின்ன முடியாத அளவு புளித்துவிட்டால் கொட்டாதீர்கள். நல்லெண்ணெயில் வதக்கி, அதே கழனித்தண்ணி ஊற்றி, டோஃபு போட்டுக் கொதிக்க விடுங்கள். கிம்ச்சி ஜிகேக்கு அவ்வளவு புளித்ததுதான் வேண்டும்.